பேட்டர்ன் ரூம் பூட்டு

திருப்பூர் நல்லூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் எல்லாக் கதவுக்கும் பூட்டு உண்டு. எல்லாப் பூட்டின் சாவியும் பக்கத்து ஆணியில் தொங்கும். முதலாளி குடும்பத்துக்கு அது ஒரு பெருமை. "நம்ம ஆளுங்கதானுங்க, பூட்டி என்ன பண்றது?" என்பார் முதலாளி. குண்டடம் பக்கம் தோட்டம் துரவோடு வாழ்ந்த குடும்பம். தோட்டத்து வீட்டில் கதவைச் சாத்தாமலே வளர்ந்தவர்கள், கம்பெனி ஆரம்பித்தபோது அந்தப் பழக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து விட்டார்கள். சாயங்காலம் நான் வைத்துவிட்டுப் போன கத்தரிக்கோல் காலையில் வேறு மேஜையில் கிடக்கும். நானோ அருப்புக்கோட்டைக்காரி. எங்கள் வீட்டில் தண்ணீர்ச் செம்பில்கூடப் பெயர் வெட்டித்தான் வைப்போம். இந்தத் தாராளம் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

கம்பெனியில் நான் சேர்ந்தது செக்கிங் டேபிளில். தைத்து வரும் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையும் கறையும் தேடும் வேலை. காலை முதல் இரவு வரை நிற்க வேண்டும். அங்கிருந்து கட்டிங் பக்கம் போய், அட்டையில் பேட்டர்ன் வெட்டக் கற்றுக்கொண்டேன். பேட்டர்ன் என்றால் வேறொன்றுமில்லை, சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து என்று ஒவ்வொரு துண்டுக்குமான அளவு அச்சு. அதை வைத்துத்தான் துணியை வெட்டுவார்கள். அந்த வேலை கம்ப்யூட்டருக்கு மாறியபோது, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் அதையும் படித்தேன். கடைசியில் கண்ணாடித் தடுப்பு போட்ட பேட்டர்ன் ரூமும், பெரிய தலை வைத்த மானிட்டரும், ஒரு சுழல் நாற்காலியும் எனக்குக் கிடைத்தன. உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் என்னவென்று, நின்றே வேலை பார்த்த காலுக்குத்தான் தெரியும். அந்த நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மனதுக்குள் வைராக்கியமாக இருந்தேன்.

என் பேட்டர்ன் எல்லாம் சர்வரில் ஒரு ஃபோல்டரில் இருந்தன. ஆணியில் தொங்கும் சாவியின் கதைதான் அங்கேயும். கம்பெனியில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் யார் வேண்டுமானாலும் அதைத் திறக்கலாம், மாற்றலாம். ஒரு நாள் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர், சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் போனில் சொன்னார் என்று, என்னைக் கேட்காமல் ஒரு குழந்தைச் சட்டையின் கை அளவைத் தானே கொஞ்சம் இழுத்து மாற்றி, அதே பெயரில் சேமித்து வைத்துவிட்டார். அது தெரியாமல் கட்டிங்கில் துணியை அடுக்கி வெட்டிவிட்டார்கள். தைக்கும்போது கையும் உடம்பும் சேரவில்லை. பேட்டர்ன் யாருடையது என்று கேள்வி வந்தது. என்னுடையதுதான். திட்டும் எனக்குத்தான் விழுந்தது. வெட்டின துணியை ஒட்டவா முடியும்?

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில்தான் கம்ப்யூட்டர் தம்பி என் ரூமுக்குள் முதன்முதலாக வந்து உட்கார்ந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியின் கம்ப்யூட்டர், சர்வர், பிரிண்டர், போன் லைன் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். பெருமாநல்லூரிலிருந்து பழைய ஸ்கூட்டரில் வருவார். வேதக்காரக் குடும்பம், ஞாயிறானால் சர்ச். என்னைவிட நாலைந்து வயது இளையவர். வாய் ஓயாது. தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. "இந்தத் திருப்பூருக்குள்ள இதைப் பண்றதுக்கு என்னை விட்டா ஆளு இல்லீங்கக்கா" என்று வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். யார் டிபன் பாக்ஸைத் திறந்தாலும் ஒரு கை உள்ளே வரும். மனிதர்களிடம் இருக்கிற மரியாதை மெஷின்களிடமும் அவருக்கு உண்டு. சர்வர் முன்னால் உட்கார்ந்து, "ஏனுங்க, இன்னைக்கு என்னங்க கோவம் உங்களுக்கு?" என்று நிஜமாகவே கேட்பார். முதல் தடவை கேட்டபோது நான் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அக்கா, உங்க ஃபோல்டரை நீங்க மட்டும் தொறக்கற மாதிரிப் பூட்டிப் போடறனுங்க. முதலாளியே வந்தாலும் உங்களைக் கேட்டுத்தான் பாக்கோணும். சம்மதங்களா?" என்றார்.

"பூட்டுங்க தம்பி. ரெண்டு பூட்டாப் போடுங்க" என்றேன்.

பூட்டினார். அதிலிருந்துதான் வம்பு ஆரம்பம்.

அந்தச் சமயத்தில் அவர் கம்பெனிக்குப் பேக்கப் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். எங்கள் சர்வரில் ஓடியது லினக்ஸ். அதற்கு இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை எடுத்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நூல் குடோனில் இன்னொரு கம்ப்யூட்டரை வைத்து, ராத்திரியானால் சர்வரில் உள்ளதெல்லாம் கேபிள் வழியாக அங்கே போய்ப் பிரதி ஆகிற மாதிரி செய்யப் பார்த்தார். இங்கே தீப்பிடித்தாலும் அங்கே இருக்கும் என்பது கணக்கு. சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளவே மாட்டேன் என்றன. இரண்டு பக்கமும் ஒரு அமைப்புக் கோப்பு உண்டாம். அதில் இந்தப் பக்கத்துப் பெயர், அந்தப் பக்கத்துப் பெயர், நடுவில் ஒரு பாஸ்வேர்டு எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டுமாம். இவர் பாஸ்வேர்டையே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். கடைசியில் பார்த்தால், முன்னால் கோயமுத்தூரிலிருந்து வந்து சர்வரை நிறுவிய ஆட்கள் அதற்கு வைத்திருந்த பழைய பெயர் ஒரு வரியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஜாதகம் பாத்துப் பொருத்தம் எல்லாம் சரி, பொண்ணு பேரை மாத்தி எழுதிப்போட்டம் அக்கா" என்று குதித்துக்கொண்டு வந்து சொன்னார்.

அது தீர்ந்ததும் எல்லா ஃபோல்டரும் குடோனுக்குப் போய்ச் சேர்ந்தன. என்னுடையது மட்டும் போகவில்லை. பேக்கப்புக்கென்று அவர் ஒரு தனி ஆளை உருவாக்கி வைத்திருந்தார். ஆள் என்றால் நிஜ ஆள் இல்லை, சர்வருக்குள் ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயர்தான் ராத்திரி ஒவ்வொரு ஃபோல்டராகப் போய் எடுத்து வரும். என் ஃபோல்டருக்கு வந்தால் 'பர்மிஷன் டினைடு', அனுமதி இல்லை என்று திரும்பிவிடும். காலையில் அவருக்கு வரும் மெயிலில் என் ஃபைல்களின் பெயர் வரிசையாக வந்து நிற்கும். முதலாளி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவில்லை.

கோயமுத்தூர் ஆட்களாக இருந்தால் ஒரே வரியில் தீர்த்திருப்பார்கள். எல்லா ஃபைலையும் எல்லாரும் படிக்கலாம், எழுதலாம் என்று திறந்துவிட ஒரு கட்டளை இருக்கிறதாம். எந்தப் பிரச்சினை வந்தாலும் அவர்கள் அதைத்தான் அடிப்பார்களாம். ஆணியில் தொங்கிய சாவியின் ரகசியம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தம்பிக்கு அந்தக் கட்டளையின் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கும்.

"நரி வருதுன்னு ஆட்டுப்பட்டிக்குக் காவல் போட்டுட்டு, காவக்காரன் உள்ள போறதுக்காகப் படல் கதவையே புடுங்கி எறியறதுங்களா?" என்பார்.

அதனால் சிரமப்பட்டுச் செய்தார். பேக்கப் பெயர் என் ஃபோல்டரைப் படிக்கலாம், ஆனால் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்று ஏற்பாடு. செய்து முடித்ததும் முதல் ராத்திரி எல்லா ஃபைலும் போய்ச் சேர்ந்தன. அடுத்த ராத்திரி, நான் அன்றைக்கு வேலை செய்த ஃபைல் மட்டும் போகவில்லை. அதைச் சரிசெய்தார். அடுத்த நாள், அன்றைக்கு வேலை செய்த ஃபைல் போகவில்லை. தினமும் காலையில் என் ரூம் வாசலில் வந்து நின்று, "அக்கா, நேத்து என்னமோ புதுசா வரைஞ்சிருக்கீங்க" என்பார், ஏதோ நான் வேண்டுமென்றே ஒளித்து வைத்த மாதிரி.

"நான் என்னய்யா பண்ணினேன்? வேலை பாக்காம உக்காந்திருக்கவா?" என்று எரிந்து விழுவேன்.

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் எப்படிச் சேமிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். எங்கள் பேட்டர்ன் மென்பொருள் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய ஃபைலை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதுமாம். புதிதாகப் பிறக்கிற ஃபைல் பழைய அனுமதியை மறந்துவிடுமாம். அப்படியானால் பிறக்கும்போதே அனுமதியோடு பிறக்க வேண்டும். அதற்கு எந்த வரியை எங்கே போடுவது என்று வெளிநாட்டு ஆட்கள் இருக்கும் ஏதோ மின்னஞ்சல் குழுவில் கேட்டு, பதில் வந்ததை அச்செடுத்துக் கொண்டுவந்து, எனக்கும் ஒரு தடவை முழுதாகப் படித்துக் காட்டினார். ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் ஒரு ஆள் என் வேலைக்காக இவ்வளவு மெனக்கெடுகிறார் என்பது புரிந்தது. செக்கிங் டேபிள் காலத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசினவர்களே குறைவு.

அதற்கப்புறமும் விடவில்லை. "எடுத்து வெச்சா மட்டும் பத்தாதுங்க. திரும்ப வருதான்னு பாக்கோணும். ஏதாச்சும் ஒரு ஃபைலை அழிங்க" என்றார்.

"பெத்த பிள்ளையத் தூக்கிக் கிணத்துல போடு, எடுக்கத் தெரியுதான்னு பாப்போம்ங்கிறீக" என்றேன்.

அரை மனதாக, யாருக்கும் வேண்டாத ஒரு டிராயர் பேட்டர்னை அழித்தேன். அவர் குடோன் கம்ப்யூட்டரிலிருந்து அதைத் திரும்ப வரவழைத்தார். வந்தது. திறந்தேன். எனக்கு அனுமதி இல்லை என்றது. நான் வரைந்த ஃபைல், என் ஃபோல்டர், எனக்கே அனுமதி இல்லையாம்! எனக்கு வந்த கோபத்தில் மவுஸைத் தூக்கி எறிந்திருப்பேன், வயர் இருந்ததால் தப்பியது. அவரோ கையைத் தட்டிச் சிரித்தார். திரும்பி வந்த ஃபைலுக்குச் சொந்தக்காரர் நான்தான் என்பதை அது மறந்துவிட்டு, சர்வரில் எதையும் திறக்க முடிகிற மாஸ்டர் கணக்கின் பெயரில் வந்து உட்கார்ந்துவிட்டதாம். அவசரத்தில் இப்படி ஆகியிருந்தால் என்ன கதி, இன்றைக்கே தெரிந்தது நல்லது என்று அவருக்குச் சந்தோஷம். மறுபடி சரிசெய்தார். மறுபடி அழிக்கச் சொன்னார். டிராயர் அன்றைக்குப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சு எடுபடவில்லை. சர்வரின் மாஸ்டர் பாஸ்வேர்டு தன்னைத் தவிர யாரிடமும் இருக்கக் கூடாது என்றார். எல்லாச் சாவியிலும் ஒன்று முதலாளி வீட்டில் இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். முதலாளி கேட்டார், இவர் கொடுத்தார். முதலாளிக்குத் தெரிந்தால் அவருடைய மச்சினருக்கும் தெரிந்த மாதிரிதான்.

மச்சினர்தான் புரொடக்‌ஷன் மேனேஜர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஓவர்லாக் தையல் மெஷின் ஓடவில்லை என்றால் சட்டையைக் கழற்றிவிட்டுத் தானே அடியில் படுத்துப் பார்ப்பார். அவருக்கு இரண்டே வருத்தம். ஒன்று, கம்பெனியில் ஒரு பெண்பிள்ளை ஃபோல்டரைப் பூட்டி வைத்துக்கொள்கிறாள் என்பது. இரண்டாவது, அவருக்குத் தெரிந்த பேட்டர்ன் மாஸ்டர் ஒருவர் இன்னொரு கம்பெனியில் இருந்தார். பெரிய அனுபவஸ்தர், அவரை இன்னும் கூட்டி வர முடியவில்லையே என்பது. "அம்மிணிக்குச் செக்கிங் நல்லா வரும்" என்று என் காது படவே சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. திருப்பூர்ப் பக்கம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியையே புரட்டிப் போட்டுவிடுவார்கள். வருஷம் முழுக்க மூலைமுடுக்கில் சேர்ந்த பஞ்சைக் கூட்டி அள்ளுவார்கள். மெஷின்களை நகர்த்தி, எண்ணெய்க் கறை துடைத்து, பழைய அட்டை, பழைய சாம்பிள், பழைய பேப்பர் எல்லாவற்றையும் மூட்டை கட்டுவார்கள். கம்ப்யூட்டரையும் தூக்கி வெளியே வைத்து ஊதித் துடைப்பார்கள். மறுநாள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பூஜை முடிந்துவிட்டால் விஜயதசமி காலை மறுபூஜை வரை எந்த மெஷினையும் தொடக் கூடாது. ஊசிக்கும் அன்றைக்கு ஓய்வு.

பூஜை அன்று பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். மேனேஜர் தலைத்துண்டோடு, நெற்றி நிறையத் திருநீறோடு சந்தோஷமாக வந்தார்.

"ஏனம்மிணி, உன்ற ரூமு மட்டும் சுத்தமில்லாம இருக்கக் கூடாதுன்னு நேத்துச் சர்வரை நிறுத்தறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டரையும் சுத்தம் பண்ணிட்டேன். பழைய சீசன் குப்பையெல்லாம் எத்தனை சேர்த்து வெச்சிருக்கறே! மாமன்கிட்ட பாஸ்வேர்டு வாங்கி எல்லாம் தூக்கிப் போட்டாச்சு" என்றார்.

எந்த ஃபோல்டர் என்று கேட்டேன். சொன்னார். போன வருஷத்து சீசன் பெயர் போட்டிருந்த ஃபோல்டர். அதில்தான் அந்தக் குழந்தைச் சட்டை இருந்தது. போன வருஷம் அனுப்பிய ஆர்டரை அதே பையர் அப்படியே மறுபடி கேட்டிருந்தார். எத்தனையோ முறை சாம்பிள் அனுப்பி, அங்கே குழந்தைக்குப் போட்டுப் பார்த்து, தோளைக் குறை, இடுப்பைக் கூட்டு என்று சொல்லிச் சொல்லித் தேறிய பேட்டர்ன் அது. இந்த முறை கழுத்தை மட்டும் கொஞ்சம் அகலமாக்கச் சொல்லியிருந்தார்கள், குழந்தை தலை சிக்குகிறது என்று. அந்த மாற்றத்தைச் சுத்தம் செய்வதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் முடித்து, சேமித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் அதற்குத்தான் முதல் கத்தி வைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார்.

மேனேஜருக்கு விஷயம் விளங்கியதும் முகம் மாறியது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது வேறு. "பழைய சீசன்னு பேரு வெச்சா குப்பைன்னுதான் நெனைப்பாங்க அம்மிணி. வந்தாச் சரி. இல்லாட்டி அந்த மாஸ்டரை வரச் சொல்லிப் புதுசாப் போட்டுக்கலாம்" என்றார். என் நாற்காலி என் கண்ணெதிரே நகர்ந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். அழுததற்கு எனக்கு வெட்கமில்லை.

தம்பியைத் தேடிப் போனேன். சர்வருக்குச் சந்தனம் வைத்திருந்ததை வேடிக்கை பார்த்துக்கொண்டு, யாருடைய பொரியையோ தின்றுகொண்டிருந்தார். சொன்னேன். சிரிப்பு நின்றது.

"கழுத்து மாத்துனது எப்பங்க?" என்றார்.

"முந்தாநாள் சாயங்காலம்."

"அன்னைக்கு ராத்திரி பேக்கப் ஓடியிருக்கோணும். ஆனா அதோட மெயிலை நான் பாக்கலீங்க. காலைல வந்ததுமே கேபிளு கழட்டற வேலைல இறங்கிட்டேன். சர்வரையும் நிறுத்திட்டாங்க" என்றார்.

"இப்பவே போட்டுப் பாருங்களேன் தம்பி" என்று கெஞ்சினேன்.

வேதக்காரர், அவருக்கென்ன என்று நினைத்தேன். அவர் மாலை போட்ட சர்வரைப் பார்த்தார். "முதலாளி கையால பூ வெச்சதுங்க. நாளைக்கு அவரே எடுத்துக் குடுக்கட்டும். அதுவுமில்லாம கேபிளெல்லாம் எதை எதுல சொருகி வெச்சிருக்காங்கன்னு தெரியலீங்க. அவசரப்பட்டா இருக்கறதும் போயிரும்" என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போல் இருந்தது. அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. பழைய பேட்டர்ன் வந்து புதுக் கழுத்து மட்டும் வராமல் போனாலும், காலையில் வெட்டும் நேரத்துக்குள் திரும்ப வரைய முடியாதே என்று மனது அதையே சுற்றிச் சுற்றி வந்தது.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி, முதலாளி மாலையை எடுத்தார். தம்பி சர்வரைப் போட்டார். குடோன் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு ரோட்டைக் கடந்து ஓடி வந்தார். இரண்டும் பேசவில்லை. சுத்தம் செய்தவர்கள் கேபிளை மாற்றிச் சொருகியதில் சர்வர் வேறொரு முகவரியோடு எழுந்திருந்தது. குடோன் கம்ப்யூட்டரோ பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. கட்டிங் மேஜையில் துணியை விரித்துவிட்டார்கள் என்று ஆள் வந்து சொன்னான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் செல்போனைக் கையில் எடுத்தார். யாருக்குப் பேசப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

தம்பி மட்டும் அவசரப்படவில்லை. அத்தனை பேச்சுப் பேசுகிற மனிதர் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷினிடம்கூடப் பேசவில்லை. ஒரு கேபிளைப் பிடுங்கி இன்னொன்றில் சொருகினார். அமைப்புக் கோப்பில் ஒரு வரியைப் பார்த்தார், ஒப்பிட்டார், பார்த்தார். இருக்கிற ஃபோல்டர் மேலேயே கொண்டுவந்து கொட்டாமல், தனியாக ஓரிடத்தில் முதலில் வரவழைத்தார். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. எல்லாம் வந்ததும் என் பெயரும் அனுமதியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதற்குரிய இடத்தில் வைத்தார். பிறகு எழுந்து நின்றார்.

"அக்கா, ஃபைலு வந்திருக்குது. கழுத்து பழசா புதுசான்னு நீங்கதான் பாத்துச் சொல்லோணும்" என்றார்.

"நீங்களே பாத்திருக்கலாமில்ல?" என்றார் முதலாளி. "மாஸ்டர் பாஸ்வேர்டு உங்ககிட்டயும்தான இருக்குது?"

"தொறக்கலாமுங்க" என்றார் தம்பி. "ஆனா அது அக்கா ஃபைலுங்க. எனக்கே அதுல அனுமதி இல்லீங்க. நான்தான் அப்படிப் பண்ணி வெச்சேன். நானே அதைத் தாண்டுனா அப்புறம் அதுக்குப் பேரு பூட்டுங்களா?"

கழுத்து வந்திருக்கிறதா இல்லையா என்பது அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும். அந்த நொடியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு நாளும் பெருமையடித்துக்கொண்ட பேச்சில் ஒன்றுகூட அதிகமில்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது.

என் ரூமுக்குப் போனேன். மூன்று பேரும் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். தம்பி திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஃபைல் திறந்தது. கழுத்தை அளந்தேன். அகலமாக்கிய கழுத்துதான். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை அளந்தேன். பிறகு கண்ணாடியைத் தட்டி, "வந்திருச்சு தம்பி" என்றேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். "எங்கே, தள்ளு அம்மிணி, நானும் ஒருக்காப் பாக்கறேன்" என்று மவுஸுக்குக் கையை நீட்டினார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

"என்ன அளவு வேணும்னு சொல்லுங்க சார், பிரிண்ட் போட்டுத் தர்றேன். இதுல நீங்க கை வைக்க முடியாது" என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. முதலாளி வீட்டு ஆளிடம் அந்தக் கம்பெனியில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் திரும்பி முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார்.

"அம்மிணி சொல்றது செரிதானப்பா. கையை எடு" என்றார் முதலாளி. பிறகு தம்பியிடம், "சாமி, எனக்குக் குடுத்தீங்கல்ல அந்தப் பாஸ்வேர்டு, அதை இன்னைக்கே மாத்திப்போடுங்க. புதுசை என்கிட்டச் சொல்ல வேண்டாம்" என்றார்.

நான் பிரிண்ட் கொடுத்தேன். கட்டிங் மேஜையில் கத்தி ஓடும் சத்தம் கேட்டது.